விக்ராந்த் கப்பலின் மணி



முப்பத்தைந்து ஆண்டுகள் பள்ளிக்கூட மணியோசைக்கு இணங்கி வாழ்ந்தவன் நான். மணி அடித்தால் வகுப்புத் தொடங்கும். மணி அடித்தால் வகுப்பு முடியும். நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் ஒரு தண்டவாளத் துண்டே மணியாகத் தொங்குவதைத் தாங்கள் கண்டிருப்பீர்கள். அதன் விலை சொற்பமே. ஆயினும் ஒரு நாள் அது ஒலிக்காமற் போனால், பிள்ளைகளும் ஆசிரியர்களும் என்ன செய்வதென்று அறியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நிற்பர். ஆகவே, விமானந் தாங்கிக் கப்பலைப் பற்றிப் பேச வந்த நான், பீரங்கியையும் விமானத்தையும் விட்டுவிட்டு ஒரு மணியிலிருந்து தொடங்குவது கண்டு தாங்கள் வியப்புறமாட்டீர்கள் என நம்புகிறேன்.

அந்த மணி 1961ஆம் ஆண்டில் நம் நாட்டின் முதல் விமானந் தாங்கிக் கப்பலாகிய விக்ராந்தில் பொருத்தப்பெற்றது. அக்கப்பல் 1997ஆம் ஆண்டில் பணி ஓய்வு பெற்றது. 2014ஆம் ஆண்டில் உடைபடத் தொடங்கியது. மணி மட்டும் பிழைத்தது. தில்லியில் கடற்படைத் துணைத் தளபதியின் உறைவிடத்தில் காட்சிப் பொருளாக இருந்த அம்மணி, 2022ஆம் ஆண்டில் கொச்சித் துறையில் கட்டி முடிக்கப்பெற்ற புதிய கப்பலுக்கு அளிக்கப்பெற்றது. புதிய கப்பலின் பெயரும் விக்ராந்த்தான். பழைய கப்பலின் பக்கத்தில் எழுதியிருந்த ஆர் 11 என்னும் அடையாள எண்ணே புதிய கப்பலிலும் எழுதப்பெற்றுள்ளது. இருக்கு வேதத்திலிருந்து எடுத்த பழைய குறிக்கோள் வாசகமே புதிய கப்பலுக்கும் வாசகமாயிற்று.

ஏவுகணைகளும் கணிப்பொறிகளும் நிறைந்த ஒரு புத்தம் புதிய போர்க்கப்பலில் அறுபது ஆண்டுப் பழைய மணிக்கு என்ன வேலை? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம். கப்பலில் உள்ள பொருள்கள், கப்பலில் வழங்கும் மரபுகள், கப்பலைக் காக்கும் காவல்கள் என்று நாம் மூன்றாகப் பிரித்துப் பேசுவது வழக்கம். இம்மூன்றும் உண்மையில் ஒன்றே என்பதை விக்ராந்தின் வரலாறு நமக்குக் கற்பிக்கிறது.

பழைய விக்ராந்தின் பிறப்பே வியப்புக்குரியது. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த 1943ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் டைன் ஆற்றங்கரையில் 'ஹெர்குலிஸ்' என்ற பெயருடன் அதன் கட்டுமானம் தொடங்கிற்று. போருக்கு உடனே கப்பல்கள் வேண்டியிருந்தன. ஆகையால் அவ்வகைக் கப்பல்களை வணிகக் கப்பல் கட்டும் முறையை ஒட்டி விரைந்து கட்டினர். மூன்றாண்டுகள் அல்லது போர் முடியும் வரை உழைத்தால் போதும் என்பதே அன்று அவற்றுக்கு வகுத்த ஆயுள். 1945 செப்டம்பரில் கப்பல் நீரில் இறங்கியபோது போரே முடிந்திருந்தது. வேலையை நிறுத்திவிட்டனர். விமானமின்றி, கொடியின்றி, மாலுமிகளின்றி, முற்றுப்பெறாத கூடாக அக்கப்பல் பத்தாண்டுகளுக்கு மேல் ஒதுங்கிக் கிடந்தது.

1957ஆம் ஆண்டில் இந்திய அரசு அதனை வாங்கிற்று. பெல்பாஸ்டு நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் எஞ்சிய வேலைகள் நடைபெற்றன. 1961 மார்ச்சு 4ஆம் நாள், பிரிட்டனில் அந்நாள் இந்தியத் தூதராக இருந்த விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் அக்கப்பலை நம் கடற்படையில் சேர்த்துவைத்தார். அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள் பம்பாய்த் துறையை அடைந்தபோது, பிரதமர் நேரு அவர்களே வந்து வரவேற்றார். மூன்றாண்டு வாழ்வதற்கெனப் படைக்கப்பட்ட கப்பல், முப்பத்தாறு ஆண்டுகள் நம் கொடியின்கீழ் வாழ்ந்தது. அவ்வாறு வாழ்வித்தது எது என்பதை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அதன் அமைப்பைப் பார்ப்போம். ஏறத்தாழ எழுநூறு அடி நீளமுள்ள இரும்பு ஊர் ஒன்றை எண்ணிப் பாருங்கள். ஊரின் கூரையே விமான ஓடுதளம். அதன் அடியில் விமானக் கொட்டகை. கொட்டகையிலிருந்து விமானங்களை மேலேற்றவும் கீழிறக்கவும் இரண்டு மின்தூக்கிகள். கொட்டகைக்குக் கீழும் பக்கங்களிலும் உறங்கும் இடங்கள், சமையற்கூடம், மருத்துவ அறை, பட்டறை, எண்ணெய்க் கிடங்கு, வெடிமருந்துக் கிடங்கு ஆகியவை. எல்லாவற்றுக்கும் அடியில் நான்கு கொதிகலன்கள். இவ்வூரின் மக்கள் தொகை ஆயிரத்துக்கு மேல். வெப்ப நாட்டில் பணி செய்ய வேண்டிய கப்பல் என்பதால், சில பகுதிகளுக்குக் குளிரூட்டும் வசதியும் செய்திருந்தனர்.

கப்பல் பத்தாண்டுக்கு மேல் முற்றுப்பெறாமற் கிடந்ததும் ஒருவகையில் நன்மையாயிற்று. அக்கால இடைவெளியில் ஆங்கிலேயர் மூன்று அரிய புதுமைகளைக் கண்டறிந்தனர். முதலாவது, நீராவியின் விசையால் விமானத்தைக் கவண்கல் போல் எறியும் பொறி. இரண்டாவது, சாய்ந்த ஓடுதளம். இறங்கும் விமானம் தவறினாலும், முன்னே நிறுத்தியுள்ள விமானங்களின்மீது மோதாமல் மீண்டும் எழும்பிச் செல்ல இது வழிவிட்டது. மூன்றாவது, இறங்கும் விமானிக்குத் தான் உரிய உயரத்தில் வருகிறானா என்பதைக் காட்டும் ஆடி. இம்மூன்றும் விக்ராந்தில் அமைந்தன. தளத்தின் குறுக்கே இழுத்துக் கட்டிய எஃகுக் கயிறுகளை விமானத்தின் வாற்கொக்கி பற்றிக்கொள்ளும். மைதானம் போல் நீண்ட ஓடுபாதையில் நிற்க வேண்டிய விமானம், இக்கயிறுகளின் துணையால் சில நொடிகளில் நின்றுவிடும். 1961 மே 18ஆம் நாள், பின்னாளில் கடற்படையின் தலைமைத் தளபதியாக உயர்ந்த தஹிலியானி, நம் கப்பலின்மீது முதன்முதலாக ஜெட் விமானத்தை இறக்கினார்.

பணி ஓய்வு பெற்றபின் விக்ராந்த் மும்பைத் துறையில் அருங்காட்சியகமாக நின்ற காலத்தில், மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அதனைக் காணச் சென்றேன். தூத்துக்குடிப் பக்கத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற மாலுமி ஒருவர் எங்களுக்கு வழித்துணையாக வந்தார். செங்குத்தான இரும்பு ஏணிகள். குனிந்து செல்ல வேண்டிய குறுகிய வாயில்கள். தலைக்கு மேலே வெவ்வேறு வண்ணம் பூசிய குழாய்கள். பிள்ளைகள் எல்லாரும் பீரங்கியைத் தேடினர். அக்கப்பலுக்குத் தொடக்கத்தில் நாற்பது மில்லிமீட்டர் வாயுள்ள போபர்ஸ் பீரங்கிகள் பதினாறு இருந்தன. என் மாணவன் ஒருவன் அம்மாலுமியிடம், "ஐயா, இந்தக் கப்பலை எந்தப் பீரங்கி காப்பாற்றியது?" என்று கேட்டான். அவர் சிரித்துக்கொண்டே, நாங்கள் கடந்து வந்த கனத்த இரும்புக் கதவைத் தட்டிக் காட்டினார். "இந்தக் கதவுதான் தம்பி. அதைச் சாத்த மறக்காத ஆளும்" என்றார்.

அவ்விடையின் பொருளை அன்று நானும் முழுமையாக உணரவில்லை. பின்னர் நூல்களைப் படித்தபோது விளங்கிற்று. போர்க்கப்பலின் உட்பகுதி நீர் புகாத அறைகளாகத் தடுக்கப்பட்டிருக்கும். புதிய விக்ராந்தில் இரண்டாயிரத்து முந்நூறு அறைகள் இருக்கின்றன. பக்கத்தில் ஓட்டை விழுந்தால் ஓர் அறையில் நீர் நிறையும்; அதன் கதவு சாத்தியிருந்தால் அடுத்த அறைக்குப் போகாது. தீயும் அவ்வாறே. கதவு திறந்து கிடந்தால், இரண்டாயிரத்து முந்நூறு அறைகளும் ஒரே அறை போன்றவையாகிவிடும். கட்டியவன் கொடுத்த காவலை, கடந்து செல்பவனின் பழக்கமே நிலைநிறுத்துகிறது.

விமானந் தாங்கிக் கப்பலுக்குப் பகைவனினும் அஞ்சத்தக்கது தீ. விமான எண்ணெயும் வெடிகுண்டும் மனிதரும் இத்துணை நெருங்கி வாழும் இடம் வேறில்லை. 1967 சூலை 29ஆம் நாள், வியத்நாமுக்கு அப்பால் டாங்கின் வளைகுடாவில் 'பாரஸ்டல்' என்ற அமெரிக்கக் கப்பல் நின்றிருந்தது. அதன் தளத்திலிருந்த விமானம் ஒன்றிலிருந்து ஏவுகணை ஒன்று தற்செயலாகப் பாய்ந்தது. அது எதிரே நின்ற விமானத்தின் எண்ணெய்க் கலத்தைத் துளைத்தது. எண்ணெய் எரிந்தது, எரிந்த வெப்பத்தால் குண்டுகள் வெடித்தன. நூற்று முப்பத்து நால்வர் மாண்டனர். தீயணைப்பில் தனிப் பயிற்சி பெற்றவர்கள் முன்னணியில் நின்றதால், முதல் வெடிப்புகளிலேயே அவர்களிற் பெரும்பாலோர் மடிந்தனர். பயிற்சி பெறாதவர்கள் நெஞ்சுரத்தோடு தீயோடு போராடினர். எனினும் செய்முறை அறியாமையால் இடர்ப்பட்டனர். அதன்பின் அமெரிக்கக் கடற்படையில், சமைப்பவரும் கணக்கு எழுதுபவரும் உட்பட எல்லாருக்கும் தீயணைப்புக் கல்வி அளிக்கலாயினர். ஆசிரியனாகிய என் உள்ளத்தைத் தொட்ட செய்தி இது. சிலருக்கு மட்டும் கற்பித்த பாடம் ஆபத்துக் காலத்தில் கப்பலைக் காக்காது.

இனி மரபுகளுக்கு வருவோம். மணியிலிருந்தே தொடங்கலாம். கப்பலில் ஒரு நாள் நான்கு மணி நேரக் காவல் முறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. காவல் தொடங்கி அரைமணி கழிந்ததும் ஓர் அடி. ஒரு மணி கழிந்ததும் ஈரடி. இவ்வாறு அரைமணிக்கு ஓரடியாக ஏறி, நான்கு மணி நேரம் முடியும்போது எட்டு அடிகள் ஒலிக்கும். எட்டு அடி கேட்டால் அடுத்த காவலர் வந்து பொறுப்பேற்க வேண்டும். கடிகாரம் எல்லார் கையிலும் இல்லாத காலத்தில் எழுந்த முறை இது.

இங்கே ஒரு சிறு கணக்கு. ஒரு நாளுக்கு இருபத்து நான்கு மணி. நான்கால் வகுத்தால் ஆறு காவல்கள். மாலுமிகளை இரண்டு அல்லது மூன்று பிரிவாக்கினால், ஆறு என்ற எண் மீதியின்றி வகுபடும். விளைவு யாது? நேற்று நள்ளிரவில் நின்றவனே இன்றும் நாளையும் நள்ளிரவில் நிற்க நேரும். இதைத் தவிர்க்க, மாலை நான்கு முதல் எட்டு வரையுள்ள காவலை இரண்டாக உடைத்தனர். காவல்கள் ஏழாயின. ஏழு என்பது இரண்டாலும் மூன்றாலும் வகுபடாது. ஆகவே துன்பம் நாள்தோறும் கைமாறிக்கொண்டே போகும். நீதி நூல் எதுவும் படியாத மாலுமிகள், எண்கணிதத்தால் நீதியை நிலைநாட்டிய திறத்தை என் வகுப்புகளில் நான் பலமுறை எடுத்துரைத்ததுண்டு.

கப்பலில் கால் வைத்தவுடன், அதன் பின்தளத்தை நோக்கி வணக்கம் செலுத்த வேண்டும் என்பது மற்றொரு மரபு. உயர் அலுவலர் ஏறும்போதும் இறங்கும்போதும், மாலுமிகள் வரிசையாக நின்று சீழ்க்கைக் குழல் ஊதுவர். அலைகடலில் ஒரு கப்பலிலிருந்து மறு கப்பலுக்குச் செல்பவரைக் கயிற்றில் கட்டிய இருக்கையில் அமர்த்தித் தூக்கிய காலம் ஒன்று இருந்தது. 'தூக்கு', 'நிறுத்து' என்ற கட்டளைகள் காற்றில் கரைந்துவிடும், குழலோசை கரையாது. தேவையினால் பிறந்த ஒலி, தேவை நீங்கியபின் மரியாதையாக நிலைத்தது. காலையில் கொடி ஏறும். கதிரவன் மறையும்போது கொடி இறங்கும். 

இவையெல்லாம் வெறும் சடங்கு என்று சிலர் எண்ணக்கூடும். நானும் இளமையில் அவ்வாறு எண்ணியதுண்டு. ஆனால் உரிய நேரத்தில் உரிய இடத்தில் நிற்பதும், சொன்ன சொல்லை அவ்வாறே திருப்பிச் சொல்லி உறுதி செய்வதும், கடந்த கதவைச் சாத்துவதும், பேசக் கூடாதபோது பேசாதிருப்பதும் ஆபத்து வந்த அன்று திடீரென வாய்க்கும் பண்புகள் அல்ல. ஆபத்தில்லாத ஆயிரம் நாள்களில் பழகிய பழக்கமே, ஆபத்து வந்த ஒரு நாளில் காவலாக நிற்கும். 1971ஆம் ஆண்டு இதற்குச் சான்று.

அதற்கு ஆறு ஆண்டுகள் முன்னர், 1965ஆம் ஆண்டுப் போரின்போது, விக்ராந்த் பழுது பார்க்கும் துறையில் இருந்தது. கப்பலை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பில் செய்தி பரப்பினர். மூழ்கவில்லை என்று நாம் மெய்ப்பித்தோம். போரிட்டது என்று மெய்ப்பிக்க இயலவில்லை. அது கடற்படையினரின் நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

1970ஆம் ஆண்டில் மேலும் ஒரு துயரம். கொதிகலன்களின் நீர்க்கலங்களில் வெடிப்புகள் காணப்பட்டன. பற்றவைத்துச் சீராக்க இயலாத வெடிப்புகள் அவை. மாற்றுக் கலங்கள் பிரிட்டனிலிருந்து வர வேண்டும்; அவை வந்து சேரவில்லை. போர் மேகமோ திரண்டுகொண்டிருந்தது. கொதிகலன்களின் அழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு நானூறு பவுண்டு என்று வரையறுத்து, 1971ஆம் ஆண்டின் முற்பகுதியில் கப்பலைக் கடலில் ஓட்டிப் பார்த்தனர். மணிக்கு இருபத்து நான்கு கடல் மைல் ஓடக்கூடிய கப்பல், பதினான்கு மைல் வேகத்தில் நகர்ந்தது. விமானம் எழும்புவதற்குக் கப்பல் காற்றை எதிர்த்து விரைந்தோட வேண்டும் என்பதை எண்ணினால், இக்குறை எத்துணைப் பெரிதென விளங்கும்.

இந்த நொண்டிக் கப்பலைப் போருக்கு அனுப்பலாமா? கொதிகலன் வெடித்தால், பகைவன் சுடாமலே நம் மக்கள் மடிவர். அனுப்பாவிட்டால், இத்துணைப் பொருட்செலவில் வளர்த்த கடற்படை விமானப் பிரிவு பயனற்றது என்ற தீர்ப்பு நிலைத்துவிடும். தலைமைத் தளபதி நந்தா அவர்களும் கப்பலின் தலைவர் சுவராஜ் பிரகாசு அவர்களும் செல்வதே முறை எனத் துணிந்தனர். அத்துணிவின் சுமையைக் கொதிகலன் அறையில் நின்ற மாலுமிகளும் உடன் சுமந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது. மேல்தளத்தில் இருப்பவனுக்கு வானம் தெரியும்; கொதிகலன் அருகில் இருப்பவனுக்கு அழுத்தமானியின் முள் மட்டுமே தெரியும்.

கப்பல் வங்கக் கடலுக்கு மாற்றப்பட்டது. அங்கே கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைவராக இருந்தவர் வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். நாகர்கோவிலில் 1919ஆம் ஆண்டில் பிறந்தவர். பாகிஸ்தானிடம் 'காசி' என்னும் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று இருந்தது. அமெரிக்காவிடமிருந்து பெற்ற அக்கப்பல் ஒன்றே கராச்சியிலிருந்து வங்கக் கடல் வரை வந்து போரிடும் தொலையாற்றல் உடையது. விக்ராந்தைத் தேடி அழிக்கும் பணியோடு அது நவம்பர் 14ஆம் நாள் புறப்பட்டது.

விரைந்தோட இயலாத கப்பலை எவ்வாறு காப்பது? கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமான் தீவுகளின் ஒதுக்கமான துறை ஒன்றில் மறைத்துவைத்தார். அது விசாகப்பட்டினத்துக்கு அருகில் இருப்பதாகப் பகைவரை நம்பச் செய்ய வேண்டும். விக்ராந்த் வரவிருக்கிறது, துறையில் இடம் வேண்டும் என்று சென்னைத் துறையின் கடற்படை அதிகாரிக்குச் செய்தி விடுத்தார். விசாகப்பட்டினத்துச் சந்தையில், ஒரு பெருங்கப்பலுக்கு வேண்டிய அளவு இறைச்சியும் காய்கறியும் வாங்கப் பணித்தார். ஒற்றர் காதில் அது விழாமலா போகும்? இராஜபுத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்தே பேசுவது போல் வானொலிச் செய்திகளைப் பெருக்கச் செய்தார். அவற்றுள் ஒன்று மறைமொழியின்றி வெளிப்படையாகவே சென்றது. விக்ராந்தின் மாலுமி ஒருவன், நோயுற்ற தன் தாயின் நலத்தைக் கேட்பது போன்ற செய்தி அது. தாயின் நோயைக் கேட்கும் மகனை யார் ஐயுறுவர்? மனித உள்ளத்தை அறிந்தவரே இத்தகைய சூழ்ச்சியை வகுக்க இயலும்.

இச்சூழ்ச்சியின் மற்றொரு பாதி அந்தமானில் இருந்தது. அங்கே ஆயிரத்துக்கு மேற்பட்ட மாந்தர் இருக்கும் இடம் தெரியாமல் இருந்தனர். இராஜபுத் பேசியதற்கும், விக்ராந்த் பேசாதிருந்ததற்கும் ஒரே பயன். பதினாறு பீரங்கிகளும் சுடாமல் இருந்த அந்நாள்களில் கப்பலைக் காத்தது, பழகிய கட்டுப்பாடே.

டிசம்பர் 3ஆம் நாள் மாலை போர் மூண்டது. அன்று நள்ளிரவை ஒட்டி, இந்தர் சிங் என்பவரைத் தலைவராகக் கொண்ட இராஜபுத், விசாகப்பட்டினத் துறையினின்று வெளியேறியது. நீரில் ஏதோ கலக்கம் கண்டு ஆழ்வெடிகளை இட்டது. சிறிது நேரத்தில் ஒரு பேரொலி நகரத்தை உலுக்கிற்று. மீனவர் சிலர் கடலில் மிதந்த உயிர்காப்பு அங்கி முதலியவற்றைக் கண்டெடுத்தனர். காசி மூழ்கிவிட்டது. ஆழ்வெடியால் மூழ்கியது என்பது நம் தரப்பின் கூற்று. தன்னுள் நிகழ்ந்த வெடிப்பாலோ தான் இட்ட கண்ணியாலோ மூழ்கியது என்று கூறுவோரும் உளர். காரணம் எதுவாயினும், தொண்ணூறுக்கு மேற்பட்ட மாலுமிகள் அந்த இரும்புக் கலத்தோடு கடலின் அடியில் உறங்குகின்றனர். அவர்களும் எட்டு அடி மணிக்குக் காவல் மாறியவர்களே. கடமை செய்யப் புறப்பட்டு வீடு திரும்பாதவர்களை நினைக்கும்போது, வெற்றியைப் பேசும் நாவும் சற்றுத் தாழ்ந்தே பேச வேண்டும்.

டிசம்பர் 4ஆம் நாள் காலை, விக்ராந்தின் தளத்திலிருந்து 'சீ ஹாக்' விமானங்கள் எட்டு எழும்பிக் காக்ஸ் பஜாரைத் தாக்கின. பிற்பகல் சிட்டகாங்கைத் தாக்கின. பின்வந்த நாள்களில் குல்னா, மங்லா முதலிய துறைகள்மீதும் அவ்விமானங்களும் 'அலிசே' விமானங்களும் சென்றன. கடல் வழியே உதவி வரவும், கடல் வழியே தப்பிச் செல்லவும் இயலாதவாறு கிழக்கு வங்கத்தின் துறைகள் அடைபட்டன. டிசம்பர் 16ஆம் நாள் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது; வங்காளதேசம் விடுதலை பெற்றது. வெடிப்புற்ற கொதிகலன்களோடு சென்ற கப்பல், தன் மக்களை ஏந்திக் கரை சேர்ந்தது. கப்பல் தலைவர் சுவராஜ் பிரகாசுக்கு மகாவீர சக்கரம் அளிக்கப்பெற்றது.

இத்தகைய கப்பலுக்கு நாம் செய்த கைம்மாறு என்ன? 1980களில் நீராவிக் கவணை நீக்கி, முன்தளத்தை மேல்நோக்கி வளைத்து, 'சீ ஹாரியர்' விமானங்களுக்கேற்பத் திருத்தினர். 1997 சனவரி 31ஆம் நாள் கொடி இறங்கியது. 2001 முதல் அருங்காட்சியகமாக மும்பையில் நின்றது. ஆண்டுதோறும் உப்பு நீர் இரும்பைத் தின்றது. பேணும் செலவைத் தொடர்ந்து ஏற்பார் இல்லை. 2012இல் பொதுமக்களுக்கு வாயில் அடைபட்டது. விற்கக் கூடாதென வழக்குகள் எழுந்து உச்ச நீதிமன்றம் வரை சென்றன, பயனில்லை. 2014 நவம்பரில் உடைக்கும் வேலை தொடங்கிற்று. அதன் இரும்பைக் கொண்டு மோட்டார் சைக்கிள்களும் செய்தனர். அதன் உலோகத்தால் ஆன நினைவுச் சின்னம் ஒன்றை 2016ஆம் ஆண்டில் மும்பையில் நிறுவினர்.

நான் யாரையும் குறைகூற விரும்பவில்லை. கப்பலைக் காப்பது வீட்டுத் திண்ணையைக் காப்பது போன்ற எளிய செயல் அன்று. ஆயினும் நம்மைக் காத்த பொருளை நாம் காவாமல் விட்டோம் என்ற எண்ணம் என் நெஞ்சை அறுக்கிறது. அன்று என்னுடன் வந்த பிள்ளைகள் ஏறி நின்ற தளத்தை, அவர்களுடைய பிள்ளைகள் காண இயலாது.

ஆறுதலாக எஞ்சியிருப்பது மணி. 2009ஆம் ஆண்டில் கொச்சியில் அடிக்கல் நாட்டிய புதிய விக்ராந்த், 2013இல் நீரில் இறங்கி, 2022 செப்டம்பர் 2ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தது. முன்னதை விட ஏறத்தாழ ஐம்பது மீட்டர் நீளம் கூடியது; பதினான்கு அடுக்குகள் கொண்டது. போர்க்கப்பலுக்குரிய எஃகையும் நம் நாட்டு ஆலைகளிலேயே வார்த்தனர். ஒரு மணி நேரத்தில் மூவாயிரம் சப்பாத்தி சுடும் பொறி சமையற்கூடத்தில் இருக்கிறது. பதினாறு படுக்கைகளும் இரண்டு அறுவை அறைகளும் கொண்ட மருத்துவமனை இருக்கிறது. பழைய கப்பலில் இல்லாத சிறப்பாக, பெண் அலுவலர்க்கும் பெண் மாலுமிகட்கும் உறைவிடங்கள் இருக்கின்றன. காவல்களோ அடுக்கடுக்கானவை. தொலைவில் விமானங்கள், அதற்குள் துணைக் கப்பல்கள், அதையும் கடந்து வருவனவற்றை வீழ்த்தத் தன் ஏவுகணைகள், மிக அருகில் வருவனவற்றுக்கு விரைந்து சுடும் துப்பாக்கிகள், வரும் ஏவுகணையை ஏமாற்றித் திசை திருப்பும் பொறிகள். எல்லாவற்றுக்கும் உள்ளே, சாத்தப்பட்ட கதவுகள்.

அக்கதவைச் சாத்தும் கைக்கு வயது பத்தொன்பதோ இருபதோ இருக்கும். 1971ஐ அவன் பாடநூலில் படித்திருப்பான். அல்லது அவள் படித்திருப்பாள். கொதிகலன் வெடிப்பையும், அந்தமானின் அமைதியையும் அறிந்த கிழவர்கள் அக்கப்பலில் ஒருவரும் இல்லை. மணி ஒன்றே அக்காலத்தினின்று வந்திருக்கிறது. ஒவ்வொரு காவலையும் முறையாக ஏற்று, முறையாக ஒப்படைத்த ஆயிரம் பேரின் பெயரற்ற உழைப்பு அதில் தங்கியிருக்கிறது. காவலை ஏற்பவனுக்கு, 'உனக்கு முன்னும் ஒருவன் விழித்திருந்தான்' என்று சொல்லுவதற்காகவே அந்த மணி புதிய கப்பலுக்கு வந்திருக்கிறது.

ஓய்வு பெற்ற நாளில் நானும் என் பள்ளி மணியை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டே வெளியே வந்தேன். மறுநாள் காலை வேறொருவர் கையால் அது ஒலித்தது. என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவ்வோசையைக் கேட்டேன். குறித்த நேரத்திலேயே ஒலித்தது. மன நிறைவோடு உள்ளே சென்றேன்.